ஆலைக் குளத்துத் தண்ணீர் எரியுமா?

மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார். அப்பா செம்பனைக் குலை லோரி ஓட்டுகிறார். மகள் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் இறுதியாண்டு. கேள்வி இதுதான்: "அங்கிள், எங்கள் வீட்டுக்குப் பின்னால் செம்பனை ஆலையின் கழிவுநீர்க் குளங்கள் இருக்கின்றன. அந்தத் தண்ணீரை நொதிக்க வைத்து எத்தனால், பியூட்டனால், ஹைட்ரஜன் எல்லாம் எடுக்கலாம் என்று பாடத்தில் வருகிறது. உண்மையிலேயே முடியுமா? முடியும் என்றால் ஆலைகள் ஏன் இன்னும் சும்மா குளத்தில் விட்டு நாறவிடுகின்றன? என் இறுதியாண்டு ஆய்வுக்கு எதை எடுத்துக்கொள்வது?"

முடியும்மா. நீ சொன்ன மூன்றும் வரும். ஆனால் ஆய்வகக் குடுவையில் வருவதெல்லாம் ஆலை முற்றத்தில் நிற்காது. நிற்கக்கூடியது நீ உன் பட்டியலில் சேர்க்காத நான்காவது ஒன்று, மீத்தேன். ஏன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். 27 வருடம் செம்பனை ஆலை லேப்பிலும் கழிவுநீர்ப் பக்கத்திலும் கிடந்தவன். அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

முதலில் அந்தத் தண்ணீர் என்னவென்று பார்ப்போம். ஆலையில் எல்லோரும் அதை 'போம்' என்பார்கள். உன் அப்பா லோரியில் கொண்டுவந்து கொட்டுகிற குலைகள் முதலில் ஸ்டெரிலைசருக்குள் போய் நீராவியில் ஒன்றரை மணி நேரம்போல வேகும். வெந்த குலையிலிருந்து பழம் உதிரும், பிழியப்படும், பிழிந்த சாற்றில் வெந்நீர் கலந்து எண்ணெயைத் தெளிய வைப்பார்கள். வேகவைத்த தண்ணீர், தெளியவைத்த பின் அடியில் நிற்கும் சேற்றுத் தண்ணீர், ஓட்டையும் பருப்பையும் பிரிக்கிற இடத்துத் தண்ணீர், இந்த மூன்றும் சேர்ந்ததுதான் போம். அதில் பாதிக்கு மேல் தெளிய வைக்கும் இடத்திலிருந்து வருவது. ஒரு டன் குலைக்கு ஏறக்குறைய 0.65 கன மீட்டர் போம் வரும். வெளியே வரும்போது 80 முதல் 90 டிகிரி சூடு, நிறம் பால் குறைந்த கோப்பி மாதிரி, பிஎச் 4லிருந்து 5க்குள்.

அதில் நூற்றுக்கு 95, 96 பங்கு வெறும் தண்ணீர். 4, 5 பங்கு திடப்பொருள், எண்ணெய் ஒரு பங்குகூட இல்லை, 0.7 போல. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள், பின்னால் எல்லாம் இதில்தான் போய் முட்டும். இன்னொன்று, இதில் விஷம் எதுவும் இல்லை. ரசாயனம் சேர்க்காமல் ஆவியிலும் வெந்நீரிலும் எடுத்த பழச்சாற்றின் மிச்சம்தான். அப்படியானால் ஆற்றில் விட்டால் மீன் ஏன் சாகிறது? அதைத் தின்ன வரும் நுண்ணுயிர்கள் ஆற்றிலுள்ள ஆக்சிஜனை எல்லாம் இழுத்துவிடுகின்றன. அந்தப் பசியைத்தான் பிஓடி என்கிறோம். வீட்டுச் சாக்கடையில் அது லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம். போமில் 25,000. சிஓடி, அதாவது உள்ளே இருக்கிற கழிவு முழுவதையும் ரசாயனத்தால் எரிக்கத் தேவைப்படும் ஆக்சிஜன், 50,000 அளவில். ஆற்றுக்கு அது விருந்து போட்டே கொல்லுகிற மாதிரி.

எழுபதுகளில் நேராக ஆற்றில்தான் விட்டார்கள். சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974இல் வந்தது, அதன் கீழ் செம்பனை ஆலைகளுக்கென்றே தனி விதிமுறை 1977இல். 1978இல் பிஓடி 5,000 வரை விடலாம் என்று தொடங்கி, வருடாவருடம் கயிற்றை இறுக்கி, 1984இல் 100க்குக் கொண்டுவந்தார்கள். உங்கள் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக நிற்கிற குளங்கள் அந்தச் சட்டத்தின் பிள்ளைகள். அப்போது கேள்வி ஆற்றைக் காப்பாற்றுவது மட்டும்தான். குளத்தில் குமிழி விட்டுக்கொண்டு மேலே போகிற வாயுவை யாரும் எரிபொருள் என்று பார்க்கவில்லை. ரப்பர் ஒட்டுப்பால் நாற்றத்தில் வளர்ந்த எங்களுக்கு இது இன்னொரு நாற்றம், அவ்வளவுதான்.

சரி, நொதித்தலுக்கு வருவோம். இதற்குப் பாடப் புத்தகம் வேண்டாம், உங்கள் பாட்டியிடமே கேட்கலாம். தென்னம்பாளையில் இறங்குகிற பதநீர் காலையில் இனிப்பு. மதியத்துக்குள் கள். இரண்டு நாள் விட்டால் காடி. சட்டி ஒன்றுதான், சாறும் ஒன்றுதான், நின்ற நேரத்தைப் பொறுத்து ஒன்று போதை, இன்னொன்று ஊறுகாய்க்கு. மலாய்க்காரர்கள் மரவள்ளியில் செய்கிற தாப்பாய் அதே சங்கதி. நொதித்தல் என்பது ஒரே நுண்ணுயிர் செய்கிற வேலை அல்ல, கை மாறிக் கை மாறிப் போகிற வேலை. எந்தக் கையில் நிறுத்துகிறாய் என்பதுதான் எந்த எரிபொருள் கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

போமை ஆக்சிஜன் இல்லாமல் மூடி வைத்தால் நாலு கூட்டம் முறை வைத்து வேலை செய்யும். முதல் கூட்டம் நாரையும் மாவையும் எண்ணெயையும் துண்டு துண்டாக நறுக்கும். இரண்டாவது கூட்டம் அந்தத் துண்டுகளைப் புளிக்க வைத்து அமிலமாக்கும், கூடவே ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் விடும். மூன்றாவது அந்த அமிலங்களை இன்னும் எளிமையாக்கி அசெட்டிக் அமிலமாக்கும், காடியில் இருப்பது அதுதான். நாலாவது கூட்டம் அந்தக் காடியையும் ஹைட்ரஜனையும் தின்று மீத்தேன் விடும். முதல் இரண்டு கூட்டமும் முரட்டு ஆட்கள், எதையும் தாங்கும். நாலாவது கூட்டம் இருக்கிறதே, அது மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி. சூடு கொஞ்சம் ஏறினாலும் முகம் சுளிக்கும், புளிப்பு கொஞ்சம் கூடினாலும் சாப்பிடாது. பிஎச் 6.8க்கும் 7.2க்கும் நடுவில் இருக்க வேண்டும்.

இப்போது எத்தனால். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று எத்தனால் தருகிறது. ஒரு கிலோ குளுக்கோஸுக்கு ஏட்டளவில் அதிகபட்சம் 510 கிராம். பதநீரில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சர்க்கரை இருக்கிறது, அதனால் கள்ளில் போதை வருகிறது. போமில்? 100 லிட்டர் எடுத்துக்கொள். மொத்தத் திடப்பொருளே 5 கிலோவுக்குள். அதில் எண்ணெய், புரதம், சாம்பல், நார் என்று பங்கு போனது போக, தாராள மனதோடு 2 கிலோ சர்க்கரையாக மாறும் என்றே வைத்துக்கொள்வோம். நாரைச் சர்க்கரையாக்க என்சைம் வேண்டும், அந்தச் செலவையும் மறந்துவிடுவோம். கிடைப்பது 1 கிலோ எத்தனால். அது 100 லிட்டர் தண்ணீரில் கலந்து கிடக்கிறது. பிரிக்க வேண்டுமென்றால் காய்ச்சி வடிக்க வேண்டும். 1 கிலோ எத்தனாலை எரித்தால் 27 மெகாஜூல் வரும். 100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக 29 மெகாஜூல் வேண்டும். வேடிக்கையைப் பார்த்தாயா? பிறக்கப்போகிற பிள்ளையை விற்றுப் பிரசவம் பார்க்கிற கதை. சூட்டைத் திருப்பிப் பிடித்துப் பயன்படுத்தும் கருவிகள் உண்டு, அதனால் கணக்கு இவ்வளவு மோசமாக இருக்காது என்று உன் விரிவுரையாளர் சொல்லலாம், சரிதான். அப்படியும் இது தேறாத வியாபாரம். போம் சூடாகத்தானே வருகிறது என்று கேட்காதே. 80 டிகிரியில் ஈஸ்ட் உயிரோடு இருக்காது. ஆற வைத்து, நொதிக்க வைத்து, மறுபடி சூடாக்க வேண்டும். அந்தக் காலத்தில் தோட்டத்தில் திருட்டுத்தனமாகச் சம்சு காய்ச்சியவர்கள்கூட சர்க்கரை நிறையப் போட்டுத்தான் ஊறல் வைத்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த பொருளாதாரம் அது.

பியூட்டனால் கதை கொஞ்சம் சுவையானது. க்ளோஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியா மாவுப் பொருளைத் தின்று அசெட்டோன், பியூட்டனால், எத்தனால் மூன்றையும் 3:6:1 என்ற கணக்கில் தரும். முதல் உலகப் போரில் வெடிமருந்துக்கு அசெட்டோன் கிடைக்காமல் பிரிட்டன் தவித்தபோது கைம் வைஸ்மன் என்ற வேதியியலாளர் சோளத்திலிருந்து இதைப் பெரிய அளவில் செய்து காட்டினார். பிற்பாடு இஸ்ரேலின் முதல் அதிபரானவர் அவரேதான். பியூட்டனால் எத்தனாலைவிட நல்ல எரிபொருள், பெட்ரோலோடு சண்டை போடாமல் கலக்கும். பாங்கியிலுள்ள தேசியப் பல்கலைக்கழகத்தில் போமையே தீனியாகக் கொடுத்து இந்தப் பாக்டீரியாவை வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். வந்தது. ஆனால் தண்ணீரில் பியூட்டனால் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கை எட்டும் முன்பே, தான் செய்த சரக்கிலேயே அந்தப் பாக்டீரியா மயங்கி விழுந்துவிடும். நல்ல தீனி கொடுத்தாலே அவ்வளவுதான், போமில் அதுவும் எட்டாது. மறுபடியும் அதே இடம்: அண்டா நிறையத் தண்ணீர், அடியில் ஒரு கோப்பை எரிபொருள்.

ஹைட்ரஜன் வேறு ரகம். வாயு என்பதால் காய்ச்சி வடிக்கிற தொல்லை இல்லை. நாலு கூட்டத்தில் இரண்டாவதோடு நிறுத்திவிட்டால் போதும். அதற்கு ஒரு அழகான வழி இருக்கிறது: குளத்துச் சேற்றைக் கொதிக்க வைப்பார்கள். மீத்தேன் கூட்டம் செத்துப்போகும், க்ளோஸ்ட்ரிடியம் விதையாகச் சுருண்டு பிழைத்துக்கொள்ளும். ஆறியதும் முளைத்து எழும். பிஎச் 5.5 பக்கம் வைத்தால் ஹைட்ரஜன் கொப்பளிக்கும். லேப்பில் இதைப் பார்க்கிற மாணவர்கள் எல்லோரும் காதலில் விழுந்துவிடுவார்கள், ஆய்வுக் கட்டுரைகள் குவிவது அதனால்தான். ஆனால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்குள் 12 ஹைட்ரஜனுக்கான சக்தி இருக்கிறது, இந்த வழியில் ஏட்டளவிலேயே 4தான் வரும், கையில் கிடைப்பது இரண்டு இரண்டரை. மீதி? அமிலமாகத் தண்ணீரிலேயே நிற்கும். அதாவது எரிபொருள் எடுத்த பிறகும் கழிவுநீர் ஏறக்குறைய அதே கழிவுநீர். ஆலை மேலாளரிடம் போய் "ஐயா, கொஞ்சம் ஹைட்ரஜன் தருகிறேன், ஆனால் உங்கள் பிஓடி அப்படியே இருக்கும்" என்று சொல்லிப் பார், நாற்காலிகூடத் தரமாட்டார்.

இனி மீத்தேன். 100 லிட்டர் போமையே மறுபடி எடுத்துக்கொள்வோம். சிஓடி 5 கிலோ. நல்ல டைஜெஸ்டர், அதாவது இந்த நாலு கூட்டமும் வேலை செய்கிற மூடிய தொட்டி, நூற்றுக்கு 90 பங்கைத் தின்றுவிடும். ஒரு கிலோ சிஓடிக்கு 0.35 கன மீட்டர் மீத்தேன். பெருக்கினால் 1.6 கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, எரித்தால் 56 மெகாஜூல். எத்தனாலில் 27 பார்த்தோம், அதையும் வடிக்கவே தீர்த்தோம். இங்கே இரண்டு மடங்கு, வடிக்கிற செலவே இல்லை. ஏன் இவ்வளவு வித்தியாசம்? மீத்தேன் கூட்டத்துக்குச் சர்க்கரைதான் வேண்டும் என்ற பிடிவாதம் கிடையாது. எண்ணெய், நார், புரதம் எல்லாம் கடைசியில் காடியாகி அதன் வாய்க்குத்தான் வரும். அப்புறம், மீத்தேன் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. தானே குமிழியாக மேலே ஏறி வெளியே வந்துவிடும். நீ மூடி போட்டுக் குழாய் வைத்தால் போதும். எத்தனாலை நாம்தான் தண்ணீரிலிருந்து இழுக்க வேண்டும். கரைசல் நீர்த்துப்போனதாக இருக்கும்போது வாயுதான் ஜெயிக்கும். போம் விஷயத்தில் நான் கற்றதெல்லாம் இந்த ஒன்றில் அடங்கிவிடும்.

ஆலைக் கணக்கில் சொல்கிறேன். ஒரு நாளைக்கு 600 டன் குலை பிழிகிற ஆலையில் 390 கன மீட்டர் போம். ஒரு கன மீட்டர் போமுக்கு 28 கன மீட்டர் பயோகேஸ் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கிற எண், அதில் அறுபது அறுபத்தைந்து பங்கு மீத்தேன். அப்படிப் பார்த்தால் நாளைக்குக் கிட்டத்தட்ட 11,000 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 2 யூனிட் மின்சாரம் என்று எஞ்சினில் ஓட்டினால் 21,000 யூனிட்டுக்கு மேல். மாதம் 300 யூனிட் எரிக்கிற வீடுகள் என்றால் இரண்டாயிரம் வீடு. மூடாமல் விட்டால் அத்தனையும் வானத்துக்கு. நூறு வருடக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட 28 மடங்கு பூமியைச் சூடாக்கும்.

ஆனால் இது பொத்தானை அமுக்கினால் ஓடுகிற இயந்திரம் இல்லை. மாடு வளர்ப்பு மாதிரி. எனக்கு இதைப் புரியவைத்தது ஒரு தீபாவளி.

எந்த ஆலை என்று கேட்காதே. அக்டோபர், பழம் கொட்டுகிற காலம். லோரிகள் கேட் வரை வரிசை. தெளிய வைக்கிற இடத்தில் ஒரு இயந்திரம் பழுது, எண்ணெய் நிறையக் கழிவுநீரோடு போய்க்கொண்டிருந்தது. குளிரவைக்கும் குளத்தின் பம்பும் மக்கர் செய்தது. நான் தீபாவளிக்கு ஐந்து நாள் லீவு. எனக்குப் பதில் நின்ற தம்பிக்குச் சொன்னது ஒன்றுதான், "தொட்டி நிரம்பி வழியக்கூடாது". அவன் அதைச் சரியாகச் செய்தான். சூடாக, எண்ணெயோடு, வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு போமை டைஜெஸ்டருக்குள் விட்டுக்கொண்டே இருந்தான். அமிலம் எவ்வளவு என்று யாரும் டைட்ரேஷன் செய்து பார்க்கவில்லை.

திரும்பி வந்த அன்று கேட்டுக்குள் மோட்டார் சைக்கிளை விடும்போதே தெரிந்துவிட்டது. டைஜெஸ்டர் நன்றாக ஓடும்போது அந்தப் பக்கம் அழுகின முட்டை நாற்றம் லேசாக இருக்கும். எங்களுக்கு அது சாம்பிராணி வாசம். அன்று வந்தது குழந்தை கக்கின பால் மாதிரி ஒரு புளித்த வீச்சம். பியூட்டிரிக் அமிலம். மேலே ஏறிப் பார்த்தால் கைமுட்டி கனத்துக்கு எண்ணெய் ஏடு, அதன்மேல் பழுப்பு நுரை. மிச்ச வாயுவை எரிக்கிற தீக்கோபுரத்தில் எப்போதும் நீலமாக நிற்கிற சுடர், மஞ்சளாகி, இழுத்து இழுத்து, மத்தியானம் அணைந்துவிட்டது. பிஎச் 6.2. இரண்டாவது கூட்டம் அமிலத்தைக் குவித்துக்கொண்டே இருக்கிறது, நாலாவது கூட்டம் தின்னாமல் படுத்துவிட்டது. அமிலம் ஏற ஏற அது இன்னும் படுக்கும். சுழியில் மாட்டின கதைதான்.

அப்புறம் ஏழு வாரம். தீனியை நிறுத்தினோம். போம் முழுக்கப் பழைய திறந்த குளத்துக்குப் போனது, சுற்றுவட்டாரம் முழுக்க எங்களைத் திட்டியது. எண்ணெய் ஏட்டை வாளியால் அள்ளினோம். சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டோம். பக்கத்து ஆலையிலிருந்து நல்ல சேறு இரண்டு டாங்கி லோரி வந்தது. மேலாளர் மாட்டுச் சாணம் போடலாமா என்று கேட்டார். போடலாம், மாட்டின் வயிற்றில் இருப்பதும் இதே மீத்தேன் கூட்டம்தான். லயத்துப் பக்கம் முப்பது நாற்பது மாடு வைத்திருந்த ஒரு பாட்டியிடம் கோணி கோணியாக வாங்கினோம். மூன்றாவது நாள் அந்தப் பாட்டி ஆலைக்கே வந்து மேலே நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டது: "ஏன்யா, இத்தனை கோடி வெள்ளி போட்டுக் கட்டிட்டு, கடைசியில என் மாட்டுச் சாணியிலதான் ஓடுதா?" மேலாளருக்குத் தமிழ் தெரியாது. நல்லவேளை.

அன்றைக்குப் பிறகு நான் பிஎச்சை நம்புவதில்லை. பிஎச் இறங்குவது கடைசிச் செய்தி. அதற்கு முன்பே அமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதம் ஏறும். அது 0.3ஐத் தாண்டினால் தீனியைக் குறை, காரணத்தைப் பிறகு தேடு. தினமும் ஒரு பியூரெட், பத்து நிமிட வேலை. அந்தத் தம்பியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்தான் தொட்டியைப் பற்றிச் சொன்னேன், உள்ளே இருக்கிற உயிரைப் பற்றிச் சொல்லவில்லை.

அழுகின முட்டை நாற்றம் என்றேன், அதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது ஹைட்ரஜன் சல்பைடு. பயோகேஸில் ஆயிரம், இரண்டாயிரம் பிபிஎம் இருப்பது சாதாரணம். எஞ்சினை அரித்துத் தின்னும், அதனால் எஞ்சினுக்கு அனுப்புமுன் கழுவி எடுக்க வேண்டும். மனிதரை எஞ்சினைவிடச் சீக்கிரம் தின்னும். காற்றில் 100 பிபிஎம் தாண்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது, நல்லதாயிற்று என்று நினைக்கிற இடத்தில்தான் ஆள் விழுவான். மாதிரி எடுக்கத் தனியாக எந்தக் குழிக்கும் போகாதே, வாயு மானி இல்லாமல் எந்த மூடியையும் திறக்காதே.

இவ்வளவு நல்லதென்றால் ஏன் எல்லா ஆலையும் செய்யவில்லை என்று கேட்டாய். அதற்குக் காரணம் பாக்டீரியா இல்லை, கம்பி. செம்பனை ஆலைக்கு மின்சாரப் பஞ்சமே கிடையாது. பிழிந்த நாரையும் ஓட்டையும் பாய்லரில் எரித்தே தன் தேவையைப் பார்த்துக்கொள்கிறது. அப்படியானால் பயோகேஸ் மின்சாரத்தை யாருக்கு விற்பது? மின்சார நிறுவனமான தெனாகாவுக்கு. 2011இல் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் வந்து, நல்ல விலைக்கு வாங்கும் திட்டமும் வந்தது. ஆனால் ஆலைகள் இருப்பது காட்டு மூலையில். மின்கம்பி பல கிலோமீட்டர் தள்ளி, இழுக்கிற செலவு உன் தலையில். கம்பி பக்கத்தில் இருக்கிற ஆலை பிழைத்தது, மற்றது வாயுவைப் பிடித்துச் சும்மா எரித்துவிடுகிறது. 2014இலிருந்து புதிதாகக் கட்டுகிற ஆலையும் பெரிதாக்குகிற ஆலையும் மீத்தேனைப் பிடித்தே ஆகவேண்டும் என்று விதி வந்தது. நாட்டில் நானூற்றைம்பது ஆலைபோல இருக்கிறது, நூற்றுக்கு மேல் ஆலைகளில் பயோகேஸ் வந்துவிட்டது. பழைய ஆலைகள் பலவற்றில் இன்னும் திறந்த குளம்தான்.

கம்பி இல்லையென்றால் லோரி. சிலாங்கூரிலேயே பெல்டா சுங்கை தெங்கி ஆலையில் 2015 வாக்கில் அதைச் செய்து காட்டினார்கள். பயோகேஸிலிருந்து கரியமில வாயுவையும் சல்பைடையும் நீக்கி, மீத்தேனை அழுத்திச் சிலிண்டரில் அடைத்துத் தொழிற்சாலைக்கு அனுப்புவது. இயற்கை எரிவாயு எரிகிற இடத்தில் அப்படியே எரியும். வாகனத்துக்கும் போடலாம். போமிலிருந்து எடுப்பதில் பெட்ரோல் நிலையம் வரை போகக்கூடிய ஒன்று இதுதான். எதிர்காலம் இந்தப் பக்கம் என்று எனக்குப் படுகிறது, விலை ஒத்துவந்தால்.

நடுவில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். டீசலில் கலக்கிறார்களே பயோடீசல், அது நல்ல செம்பனை எண்ணெயிலிருந்து செய்வது, கழிவிலிருந்து அல்ல, அதில் நொதித்தலும் இல்லை. போம் குளத்தில் மிதக்கிற எண்ணெயை வழித்து விற்பது இன்னொரு தொழில். ஐரோப்பிய ஒன்றியம் போமைக் கழிவு வகை மூலப்பொருள் பட்டியலில் வைத்திருப்பதால், அந்தக் கறுப்பு எண்ணெய்க்கு இப்போது பயோடீசல்காரர்களிடம் நல்ல கிராக்கி. நாங்கள் வாளியில் அள்ளிக் கொட்டியதை நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனால் எண்ணெயை வழித்தால் டைஜெஸ்டருக்கும் நல்லது, ஏடு கட்டாது. வாயு கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

மீத்தேன் எடுத்த பிறகும் தண்ணீர் சுத்தமாகிவிடாது. பிஓடி சில ஆயிரம், சில நூறு என்று நிற்கும், நிறம் போகாது. காற்றூட்டும் குளங்களைத் தாண்டித்தான் 100க்கு வரும், ஆற்றின் நிலையைப் பார்த்து 20 என்று கேட்கிற இடங்களும் உண்டு. உங்கள் ஊரில் இது ஏட்டு விஷயமில்லை. பத்தாங் பெர்ஜுந்தையில் எடுக்கிற சிலாங்கூர் ஆற்றுத் தண்ணீர்தான் கிள்ளான் பள்ளத்தாக்குக் குழாய்களில் வருகிறது. அதே ஆறு கீழே போய்க் கம்போங் குவாந்தானில் கெலிப்-கெலிப் மின்மினிகள் மொய்க்கிற மரங்களின் காலைத் தொடுகிறது. இன்னொன்று தெரியுமா, இந்த நாட்டில் செம்பனையை வியாபாரத்துக்கென்று முதன்முதலில் 1917இல் நட்டதே உங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான், நட்டவர் ஹென்றி ஃபோக்கொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர். ஊர்ப் பெயரை 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள். தோட்டத்தின் பெயர் இன்னும் தமிழில் தென்னையாகவே இருக்கிறது, நிற்பதெல்லாம் செம்பனை.

சரி, உன் ஆய்வு. எத்தனாலை விடு. ஹைட்ரஜன் ஆசை இருந்தால் தனியாகச் செய்யாதே, இரண்டு அடுக்காகச் செய். முதல் குடுவையில் ஹைட்ரஜன், அங்கிருந்து வருகிற அமிலத் தண்ணீரை இரண்டாவது குடுவையில் மீத்தேன் கூட்டத்துக்குக் கொடு. இரண்டு குடுவையும் சேர்ந்து, ஒரே குடுவையில் மீத்தேன் மட்டும் எடுப்பதைவிட உண்மையிலேயே கூடுதல் சக்தி தருகிறதா என்று மெகாஜூலில் கணக்குப் போடு. பல கட்டுரைகள் ஹைட்ரஜனை லிட்டரில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். லிட்டர் பெரிதாகத் தெரியும், ஆனால் ஒரே அளவில் மீத்தேனில் இருக்கிற சக்தியில் மூன்றில் ஒரு பங்குகூட ஹைட்ரஜனில் இல்லை. இல்லையென்றால் நான் ஏழு வாரம் பட்டதையே எடுத்துக்கொள்: போமில் எண்ணெய் எவ்வளவு ஏறினால் மீத்தேன் கூட்டம் படுக்கிறது, படுத்ததை எதைக் கொண்டு சீக்கிரம் எழுப்பலாம். சுண்ணாம்பா, சேறா, சாணமா? பரிசு கிடைக்குமோ என்னவோ, ஆலைக்காரன் படிப்பான்.

உன் அப்பாவுக்கு ஆலையில் எல்லோரையும் தெரிந்திருக்கும். லேப் ஆளிடம் சொல்லி, டைஜெஸ்டரின் சுழற்சிக் குழாயிலிருந்து விதைச் சேறு, அதாவது மீத்தேன் கூட்டம் உயிரோடு இருக்கிற சேறு, கேள், குளத்து ஓரத்தில் அள்ளாதே. குழாயை ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பிடி. வெயிலில் வைக்காதே, குளிர்பெட்டியிலும் வைக்காதே, அறைச் சூடு போதும். பாட்டிலில் முக்கால் பங்குதான் நிரப்ப வேண்டும், மூடியை இறுக்கக் கூடாது. நான் ஒரு தடவை இறுக்கி மூடி மோட்டார் கூடையில் வைத்துக்கொண்டு போனேன். சந்தி விளக்கில் நிற்கும்போது வெடித்தது. பக்கத்தில் நின்ற மலாய்க்கார அம்மாவின் வெள்ளைத் தூடோங் முக்காடு முழுக்கத் தெறித்துவிட்டது. 40 வெள்ளி கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடியே, என்ன கறி இது என்று கேட்டார்.